கசினோ மேசையில் ராத்தாவும் நானும்

எனக்கு வாய் நீளம். இதை ஊரார் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். காணிப் பிரிவில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற ஒருவரையும் நான் வீணாக அலையவிட்டதில்லை. ஏசாமல் அனுப்பியதும் இல்லை. "வாசிச்சுப் பார்த்தீங்களா? வாசிக்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க? இப்ப வந்து அழுதா காணி திரும்பி வருமா?" இந்த மூன்று கேள்விகளையும் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆகவே எங்கள் ஊருக்கு ஒரு கசினோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, அதை நிறுத்தப்போகிற ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

விஷயம் இதுதான். கொழும்பில் கந்தோர் வைத்திருந்த ஒரு கம்பனி, பட்டணத்திலிருந்து எங்கள் அலுவிகாரைப் பக்கம் வரும் பெரிய ரோட்டோரமாக ஒரு சரிவுக் காணியைப் பார்த்திருந்தது. அதில் ஏழு மாடி ஹோட்டல். கீழ்த்தளம் முழுக்க கசினோ. சீகிரியா போகிற வெளிநாட்டுக்காரர்கள் நம் ஊரில் வாசனைத் தோட்டத்தைப் பார்த்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறார்களாம். அவர்களை இரண்டு நாள் தங்கவைத்தால் ஊர் முன்னேறுமாம். சூதாட்டத்துக்கு அனுமதி கொடுப்பது கொழும்பில். ஆனால் கட்டடத்துக்கு அனுமதி மாநகர சபையிடம் எடுக்க வேண்டும். பொதுமக்கள் ஆட்சேபனையை எழுத்தில் தரலாம், பிறகு நகர மண்டபத்தில் பகிரங்கக் கூட்டம் நடக்கும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள்.

எழுத்தில் தரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன். அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கத்தில் மனு எழுதினேன். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எந்த ஓடையில் விழும், பாடசாலைப் பிள்ளைகள் எந்த வாசலைக் கடந்து போவார்கள் என்று பந்தி பந்தியாகப் பிரித்து, இலக்கம் போட்டு. அதற்குக் கையெழுத்துச் சேர்த்தவர் ராத்தா.

ராத்தா என் கூடப்பிறந்தவர் இல்லை. பட்டணத்து முஸ்லிம் பெண்கள் பாடசாலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் கணக்குப் படிப்பித்தவர். என்னை விட ஆறு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை ராத்தா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு முன் ஹோலில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். ஒரு சதமும் வாங்கமாட்டார். கணவர் மவுத்தாகி, மகன் கட்டாரில் இருக்க, அவருடைய கிழமை முழுவதும் அந்த ஒரு காலைப்பொழுதைச் சுற்றித்தான் இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து நாக்கில் வரவில்லை, யாருக்குப் பல் விழுந்திருக்கிறது என்றெல்லாம் புதன்கிழமை வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மனுவைக் கொண்டு அவர் போன வீட்டில் கையெழுத்துப் போடாத தாய்மார் இல்லை. ஏழு பக்கம் நிரம்பியது. டீச்சர் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று போட்டார்கள்.

இந்த ராத்தாதான் எனக்குச் சீட்டாட்டத்தில் சோடி. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

எங்கள் வீட்டில் புதன், சனி பின்னேரம் நான்கு மணிக்கு முன்னூற்றி நாலு நடக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு மாத்தளை வந்த என் அப்பா பெட்டி படுக்கையோடு கொண்டுவந்த ஆட்டம் அது. நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. முதல் நான்கு சீட்டைப் பார்த்துவிட்டு எத்தனை புள்ளி எடுப்பாய் என்று கேட்க வேண்டும், துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் மண்டைக்குள் வைத்திருக்க வேண்டும். தோற்ற சோடி வென்ற சோடிக்குக் கல் கொடுக்கும். எங்களுக்குக் கல் என்பது சாதிக்காய்க் கொட்டை. எதிர்ச்சோடி பக்கத்து வீட்டு அக்கா தங்கை. இருவரும் தபால் கந்தோரில் இருந்தவர்கள். காசு என்ற பேச்சே மேசைக்கு வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். காசு இல்லாவிட்டால் அது சூது இல்லை. நான் இதை நம்பினேன் என்று சொல்வதுகூடப் பிழை. சோறு வெள்ளையாக இருக்கும் என்பதை யாராவது நம்புகிறார்களா என்ன?

ராத்தா மட்டும் வந்து இருந்ததும், "தங்கச்சி, அந்தச் சீலைய இழுத்து உடுங்க" என்பார். நான் ஜன்னல் சீலையை இழுத்து விடுவேன். சீட்டைக் கையில் பிடித்தாலே பிழை என்று நினைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் மனத்தை ஏன் நோகவைக்க வேண்டும் என்பார். சீலை மூடியதும் அவரைப் போல் ஆடுகிறவர் இந்த மாவட்டத்தில் கிடையாது.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கம்பனி ஒரு அறிமுக நாள் வைத்தது. ஒரு கலியாண மண்டபத்தில், சனிக்கிழமை பகல். வந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை, மதியச் சாப்பாடும் உண்டு என்று வீடு வீடாகக் கடதாசி போட்டார்கள். நான் போவதென்று தீர்மானித்தேன்.

வீட்டுக்காரர் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவர். இங்கே நாற்பது வருஷம் இருந்தும் பேச்சை மாற்றவில்லை. "எதிர்த்து மனுக் குடுத்த ஆள் அவங்கட சோத்தைத் தின்னப் போறீரோ?" என்று கேட்டார்.

"திங்கப் போகேல்லை. உளவு பார்க்கப் போறன்" என்றேன்.

"உளவு பார்க்கிற ஆள் வாயைத் திறக்கிறேல்லை. அது உம்மால ஏலுமோ?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ராத்தாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். வாசலில் ஒரு பெரிய கொப்பி விரித்திருந்தது. பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாப்பாட்டுக்கு ஒரு கடதாசித் துண்டு தருவார்கள். பின்னால் வரிசை தள்ளியது. போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் என்றும் வடிவாக எழுதினேன். ராத்தாவும் போட்டார்.

உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைகள். ஒரு மேசையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கொழும்பில் பிறந்தவளாம், தமிழ் நன்றாகப் பேசினாள். ஆட்டம் இலேசு. கையில் வரும் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குக் கிட்டப் போக வேண்டும், தாண்டக்கூடாது; அவளுடைய தொகையை விடக் கூட இருந்தால் நாங்கள் வென்றோம். வந்தவர்களுக்கு விளையாட்டுக் காட்டப் பிளாஸ்டிக் சில்லுகளை இனாமாகக் கொடுத்தார்கள். ஒரே ஒரு கட்டுச் சீட்டைத்தான் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னூற்றி நாலு ஆடுகிறவளுக்கு முன்னால் ஒரு கட்டுச் சீட்டை வைத்து வித்தை காட்டுகிறாளே.

பக்கத்தில் நின்று நான்கைந்து ஆட்டம் பார்த்தேன். பத்துகளில் எத்தனை போயிற்று, ராசாக்களில் எத்தனை மிச்சம் என்பது தானாகவே மண்டையில் ஏறியது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். வென்றேன். மறுபடியும் வென்றேன். நாலு பேர் கூடினார்கள். "அம்மா எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் எங்க வீட்டுச் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்றேன். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. ராத்தா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

"ராத்தா, இருங்க. நீங்க சோடி இல்லாம நான் ஆடினதே இல்லையே."

"எனக்கு வேணாம் தங்கச்சி."

"காசா வைக்கிறோம்? சும்மா பிளாஸ்டிக். நம்ம சாதிக்காய்க் கொட்டை மாதிரித்தான்."

அவர் சுற்றிவரப் பார்த்தார். அங்கே இழுத்துவிட ஜன்னல் சீலை இருக்கவில்லை. கதிரையில் இருந்தார். முதல் ஆட்டம் தோற்றார். இரண்டாவது வென்றார். மூன்றாவதில் கையில் பதினாறை வைத்துக்கொண்டு, எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, இன்னொரு சீட்டுக் கேட்டார். ஐந்து விழுந்தது. மண்டபமே கைதட்டியது. ராத்தா முன்னால் சில்லுக் குவிந்துகொண்டே போனது. ஒரு தம்பி கமராவோடு வந்து, "சிரிங்க ஆன்டி" என்றான். சிரித்தேன், பல்லெல்லாம் தெரிய. சாப்பாட்டுக்குப் போவோம் என்று ராத்தாவை இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. அவ்வளவு சத்தம் அங்கே. வீடு வரும் வரைக்கும் ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எதிரியின் கோட்டைக்குள் போய் அவனுடைய சீட்டாலேயே அவனைத் தோற்கடித்துவிட்டு வந்த நினைப்பு எனக்கு.

மூன்று கிழமை கழித்துக் கம்பனி தன் திட்டத்தைப் புதுப்பித்து, மூன்று மொழியிலும் பளபளவென்று புத்தகமாக அடித்து, சபையிலும் நூல்நிலையத்திலும் பார்வைக்கு வைத்தது. பக்கத்து வீட்டு அக்கா ஃபோன் எடுத்து, "பதினோராம் பக்கத்தப் பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினோராம் பக்கம் முழுக்க ஒரே படம். நடுவில் ராத்தா. சாம்பல் நிறப் பர்தா, முன்னால் சில்லுக் குவியல், முகம் மலர்ந்த சிரிப்பு. பக்கத்தில் என் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே, 'புதிய பொழுதுபோக்கில் உள்ளூர்ப் பெண்களின் ஆர்வம்' என்று எழுதியிருந்தது.

கம்பனி பட்டணத்தில் திறந்திருந்த கிளைக் கந்தோருக்கு நேரே போய்க் கத்தினேன். அங்கிருந்த இளைஞன் கோபப்படவே இல்லை. அந்தப் பெரிய கொப்பியை எடுத்து விரித்து, பக்கத்தின் தலைப்பைக் காட்டினான். இங்கே எடுக்கப்படும் படங்களைத் திட்டத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம் என்று மூன்று மொழியிலும் இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே ராத்தாவின் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் சனத்தைப் பார்த்துக் கேட்ட மூன்று கேள்வியையும் அவன் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அவன் செய்த நல்ல காரியம்.

படத்தை யாரோ ஃபோனில் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை ராத்தா ஆட்டத்துக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஃபோன் எடுத்தால், "முடியல்ல தங்கச்சி, அப்புறம் பார்ப்போம்" என்றார். ஞாயிறு பதினொரு மணிக்கு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

அந்த நேரத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அன்றைக்கு நாலு சோடிதான் கிடந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளில் நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய சொந்தத் தங்கையின் பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் போன பிறகு அவர் குர்ஆனை வைத்து ஓதுகிற பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பத்தொன்பது பலகை விரிக்கப்படாமலே இருந்தது.

"பள்ளிவாசல்ல ஏதும் சொன்னாங்களா ராத்தா?"

"அவங்க ஒண்டும் சொல்லல்ல. பிள்ளைகள்ட உம்மாமாரும் ஒண்டும் சொல்லல்ல. ஒருத்திக்குக் காய்ச்சலாம், ஒருத்திக்கு டியூஷனாம், ஒருத்தி வீட்டுல கலியாணமாம். நான் கேக்காமலே காரணம் சொல்றாங்க."

என்னை அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசவில்லை. அந்த வகுப்பு போனால் இந்த மனுஷிக்கு என்ன மிச்சம்? உடனே சொன்னேன்: "நீங்க ஒண்டுக்கும் கவலப்படாதீங்க. கூட்டத்துல நான் எழும்பி எல்லாத்தையும் சொல்றேன். வேணாம் வேணாம்னு சொன்ன உங்கள நான்தான் இழுத்து உக்கார வச்சேன்னு ஊருக்கு முன்னால சொல்றேன். உங்க பேர் சுத்தமாயிரும்."

ராத்தா பலகை அடுக்கைச் சுவரோரம் தள்ளி வைத்தார். "தேத்தண்ணி குடிங்க தங்கச்சி" என்றார்.

அன்றிரவே அறிக்கை எழுதினேன். இரண்டு பக்கம். அப்படி ஒன்றைக் கச்சேரியில்கூட எழுதியதில்லை. குற்றம் முழுவதையும் என் தலையில் போட்டு, ராத்தாவை ஒரு பாவமும் அறியாதவராக நிறுத்தியிருந்தேன். வீட்டுக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதில அவ எங்கை இருக்கிறா? முழுக்க நீர்தான் இருக்கிறீர்" என்றார். அவருக்கு அறிக்கை எழுதத் தெரியாது, விட்டுவிட்டேன்.

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு. நகர மண்டபம் நிரம்பி, வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் ராத்தாவை மூன்றாவது வரிசையில் கண்டேன். அவரைச் சுற்றியிருந்த கதிரைகளில் ஆள் இல்லை. நான் அவர் பக்கத்தில் போய் இருந்திருக்க வேண்டும். பேசுகிறவர்களுக்கு முன்வரிசை என்று சொன்னதால் முன்வரிசையில் இருந்தேன்.

கம்பனி ஆள் படம் போட்டு விளக்கினார். வேலைவாய்ப்பு, வரி, வெளிநாட்டுப் பணம். பிறகு திரை முழுவதும் ராத்தாவின் முகம் வந்தது. மரியாதைக்குரிய இப்படியான தாய்மாரே ஆர்வமாகப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்றார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழும்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் கம்பனியை ஒரு பிடி பிடித்தேன். "கசினோ வெளிநாட்டுக்காரருக்குத்தான்னு சொல்றீங்க. சந்தோஷம். அப்ப அலுவிகாரையில இருக்கிற எனக்கு ஏன் சோறு போட்டு ஆட்டம் பழக்கினீங்க? நான் எந்த வெளிநாடு?" என்றேன். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. சிங்களத்திலும் சொன்னேன், இன்னொரு கைதட்டல். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து விரித்து, "இனி அந்தப் படத்துல இருக்கிற டீச்சரைப் பத்தி..." என்று தொடங்கினேன்.

"தங்கச்சி, உக்காருங்க."

சத்தம் பெரிதில்லை. வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற குரல். கச்சேரியில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்தபோதுகூட என்னை உட்கார வைத்தவர் ஒருவரும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ராத்தா நடந்து முன்னால் வந்தார். மைக்கைக் கையில் எடுக்கவில்லை. தமிழில் சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் சிங்களத்திலும் சொன்னார்.

"படத்துல இருக்கிறது நான்தான். இவங்க என்ன இழுத்து உக்கார வச்சதாச் சொல்லப்போறாங்க. அது சரியில்ல. என்ன ஒருத்தரும் இழுக்கல்ல. என்னோட கால்ல நடந்து போனேன், என்னோட கையால சீட்ட எடுத்தேன். நான் கணக்கு டீச்சர். உக்காந்த ரெண்டு நிமிஷத்துல அந்த ஆட்டத்தோட கணக்கு எனக்கு வெளங்கிட்டு. இருபத்தொண்டத் தாண்டினா முதல்ல தோக்கிறது நாங்க. பொறகு சீட்டுப் போடுற அந்தப் புள்ளையும் தாண்டினாலும் எங்கட சில்லு திரும்பி வராது. ஒரு நாள் ரெண்டு நாள் நாங்க வெல்லலாம். விளையாடிக்கிட்டே இருந்தா கடைசியில வெல்றது அந்த மேசதான். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் அடுத்த சீட்டக் கேட்டேன்."

இதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"காசு ஒரு சதமும் இல்ல. எல்லாம் பிளாஸ்டிக். சாப்பிட வாங்கன்னு இவங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டிச்சு. ரெண்டு தரமும் நல்லாக் கேட்டிச்சு. எழும்ப மனம் வரல்ல. ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னாங்க. அதுவும் கேட்டிச்சு. இந்தக் கை முடியட்டும்னு இருந்தேன். ஒரு கை இல்ல, மூணு கை. இத இவ்வளவு நாளும் நான் யாருக்கும் சொல்லல்ல. பிள்ளைகள அனுப்பாம நிப்பாட்டின உம்மாமார்ல எனக்குக் கோவமில்ல. நானா இருந்தாலும் நிப்பாட்டித்தான் இருப்பேன்."

பிறகு கம்பனி ஆளின் பக்கம் திரும்பினார். "எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரு சதமும் போகாத ஆட்டத்துல எனக்கே எழும்ப மனம் வரல்ல. சம்பளத்தச் சட்டப்பையில வச்சுக்கிட்டு வார இருபத்தஞ்சு வயசுப் புள்ள எப்படி எழும்பும்? சொல்லுங்க மகன், நான் கேட்டுக்கிறேன்."

திரையில் ராத்தாவின் சிரித்த படம் அப்படியே இருந்தது. யாரோ ஓடிப்போய் அதை அணைத்தார்கள். என் நான்கு பக்க மனுவில் தண்ணீர் இருந்தது, கழிவு இருந்தது, பாடசாலை வாசல் இருந்தது. இது மட்டும் இருக்கவில்லை.

கூட்டத் தலைவர் தீர்மானத்தை ஒத்திவைத்தார். இன்றைக்கு வரை அது ஒத்திவைத்தபடியே இருக்கிறது. அந்தச் சரிவில் ஒரு கம்பிவேலி மட்டும்தான் நிற்கிறது. எனக்கு உயிர் இருக்கும் வரைக்கும் அதற்கு மேல் ஒன்றும் எழும்பாது. இதை நான் யாரிடமும் பந்தயம் கட்டாமலே சொல்வேன்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தோம். வாசல் படியில் ஒரு தாய், கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, ராத்தாவுக்காகக் காத்து நின்றாள். "டீச்சர், ஞாயிறு வகுப்பு எத்தன மணிக்கு?" என்றாள். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை அங்கே ஓதுகிறது.

"எட்டரைக்கு மகள்" என்றார் ராத்தா.

அந்த ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். பிறகு பதினாறு. மிச்சப்பேர் வரவே இல்லை, அவர்களைப் பற்றி ராத்தா ஒரு சொல் பேசுவதில்லை.

அன்றைக்கு அந்தப் படியிலேயே நின்று, "என்ன மன்னிச்சிருங்க ராத்தா" என்றேன்.

"ஒரு மாசமா எவ்வளவோ பேசிட்டீங்க. இப்பத்தான் இதச் சொல்றீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஊருக்குச் சொல்ல இரண்டு பக்கம் எழுதியவள், அவருக்கு ஒரு வரி சொல்லியிருக்கவில்லை. பேச்சை மாற்ற, "சனிக்கிழமை நாலு மணிக்கு வாறீங்கதானே? சோடி இல்லாம நான் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"இனி வேணாம் தங்கச்சி."

"நம்ம ஆட்டத்துல காசு இல்லையே ராத்தா."

"காசு அங்கயும் இருக்கல்லதானே" என்றார். பிறகு, பிள்ளைக்கு விளங்காத கணக்கை இன்னொரு தரம் சொல்லிக்கொடுப்பவரைப் போல மெதுவாக, "எத்தன சனிக்கிழம உங்க வீட்டுல பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டு, இந்தக் கை முடியட்டும்னு நான் இருந்திருக்கேன், உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. பத்து வருஷம் அவருக்கு எதிரே இருந்து, விழுந்த சீட்டெல்லாம் மண்டையில் வைத்திருந்தவள் நான்.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். பேசிக்கொண்டிருப்போம், பெரும்பாலும் நான்தான் பேசுவேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும், நான் எந்தக் கதையின் நடுவில் இருந்தாலும், அவர் எழும்பித் தொழ உள்ளே போய்விடுகிறார்.